ரசமட்டத்தில் இரண்டு குமிழிகள்

1

சில மாதங்களுக்கு முன் ஒரு சனிக்கிழமை மதியம், எங்கள் வீட்டுச் சாப்பாட்டு மேசையில் ஒரு துப்பாக்கியைக் கிடத்தி, அதன் தொலைநோக்கிக் குழாயின் மேல் ரசமட்டம் ஒன்றைப் பூட்டினேன். விருத்தாசலத்தில் இதைப் படிப்பவர்களுக்கு இந்த ஒரு வாக்கியத்துக்கே பல விளக்கங்கள் தேவைப்படும். என் தம்பி மணிக்குத் தேவைப்பட்டன.

நார்வேயின் உள்நாட்டில், காடுகளுக்கு நடுவே இருக்கும் ஒரு சிறிய ஊரில் வசிக்கிறோம். என் கணவர் குமார் உலைகளுக்கு உட்பூச்சுச் செங்கல் செய்யும் தொழிற்சாலையில் வேலை பார்க்கிறார். வந்து ஆறு வருடம் அந்த வாரத்தில்தான் முடிந்தது. வந்தபோது மகள் நிலாவுக்கு மூன்று வயது. இப்போது ஒன்பது.

இங்கே பள்ளி முடிந்ததும் பிள்ளைகள் ஏதாவது ஒரு கூட்டத்தில் சேர்ந்தாக வேண்டும் என்று சட்டம் இல்லை. ஆனால் சேராத பிள்ளையைப் பற்றி ஆசிரியர்கள் நம்மை உட்கார வைத்து மென்மையாக விசாரிப்பார்கள். நிலா பனிச்சறுக்கில் படிக்கட்டில் உருள்வதுபோல் விழுந்தாள். கால்பந்தில் பந்து வந்து சேர்ந்த பிறகுதான் காலைத் தூக்கினாள். கடைசியில், தன் தோழி போகிறாள் என்பதற்காக, காற்றுத்துப்பாக்கி சுடும் மன்றத்துக்குப் போக வேண்டும் என்றாள்.

ஒப்புதல் படிவத்தை நிரப்பி அலமாரியில் வைத்தேன். வெளியே எடுத்தேன். திரும்ப வைத்தேன். "பிள்ளையின் உடல்நலம் பற்றி நாங்கள் அறிய வேண்டியது ஏதேனும் உண்டா?" என்ற கட்டத்தில் "இல்லை" என்று எழுதியிருந்தேன். அது ஒன்றுதான் யோசிக்காமல் நிரப்பிய கட்டம்.

"எல்லாப் புள்ளைங்களும் எதுலயாவது இருக்குதுங்க. இவ மட்டும் வூட்ல உக்காந்துக்கிட்டு உன் மூஞ்சியவே பாத்துக்கிட்டு இருக்கணுமா?" என்றார் குமார். கையெழுத்துப் போட்டேன்.

மணியிடம் தொலைபேசியில் சொன்னேன்.

"என்னாக்கா, பாட்டு கிளாஸுல சேத்தேன்னு சொல்லுவன்னு பாத்தா துப்பாக்கி கிளாஸுங்கற."

"காத்துத் துப்பாக்கிடா. திருவிழால பலூன் சுடுவாங்கள்ல, அது மாரி."

"பலூன் சுடறதுக்கு எதுக்கு அம்மாந்தூரம் போன? மாசி மகத்துக்கு ஆத்துலயே கடை போட்டிருப்பானே."

2

மன்றம் என்பது காட்டுக்குள் ஒரு மரக்கொட்டகை. அதிலிருந்து மரங்களுக்கு இடையே பாதைகள் பிரியும். ஒவ்வொரு பாதையின் முடிவிலும் ஒரு இரும்புத் தகடு நிற்கும். அதில் ரூபாய் நாணயம் அளவுக்கு ஓர் ஓட்டை. சிறு மெத்தையில் உட்கார்ந்து, முழங்காலில் துப்பாக்கியைத் தாங்கி, அந்த ஓட்டைக்குள் ஈயக்குண்டைச் செலுத்தினால் தகடு சாயும். சில தகடுகள் பக்கத்தில் இருக்கும். சில ஒரு தெரு நீளம் தள்ளி இருக்கும்.

கற்றுத் தருகிறவர் இங்கெர் என்னும் பெண். என்னைவிட நாலைந்து வயது மூத்தவர். காலையில் நிலாவின் பள்ளிப் பேருந்தை ஓட்டுகிறவரும் அவர்தான். அவருடைய விதிகள் குறைவு, ஆனால் அசையாதவை. குழாயின் வாய் எப்போதும் தகட்டுப் பக்கம். விரல் எப்போதும் வெளியே. இரண்டு கண்ணும் திறந்திருக்க வேண்டும். ஒரு கண்ணை மூடிக் கொள்வது பழகினால் போகாது என்பார்.

நான் ஒவ்வொரு வாரமும் கூடவே போய் பெஞ்சில் உட்கார்ந்திருந்தேன். மற்ற பெற்றோர் இறக்கிவிட்டுக் காப்பி குடிக்கப் போய்விடுவார்கள். நிலாவுக்கு இது பிடிக்கவில்லை. என்னோடு அவள் தமிழில்தான் பேசுவாள். ஆனால் கோபம், கணக்கு, துப்பாக்கி மூன்றும் அவளுக்கு இந்த ஊர் பாஷையில்தான் வருகின்றன. அந்த மூன்றும் அவள் வாழ்க்கையில் அதிகமாகிக்கொண்டே போகின்றன.

பக்கத்துத் தகடுகளை அவள் சாய்த்துவிடுவாள். தூரத்துத் தகடுகளில் மட்டும் குண்டு வலப்பக்கமாக, சற்றுக் கீழே போய் விழுந்தது. ஒரு முறை இரண்டு முறை இல்லை, எப்போதும் அங்கேயே. இங்கெர் அவளுக்குப் பின்னால் போய்க் குந்திப் பார்த்துவிட்டு என்னிடம் வந்து, துப்பாக்கி சாய்கிறது, "வாத்தர்" வேண்டும் என்றார். நான் தண்ணீர் பாட்டிலை எடுத்து நீட்டினேன். அவர் அதை வாங்கி, மரியாதைக்காக ஒரு வாய் குடித்துவிட்டு, பிறகு கையைப் படுக்கையாக வைத்து இப்படியும் அப்படியும் சாய்த்துக் காட்டினார். அப்போதுதான் அது ரசமட்டம் என்று புரிந்தது.

விஷயம் இதுதான். குண்டு போகப் போகக் கீழே இறங்கும். அதற்கு ஈடுகட்டத் தொலைநோக்கியில் சிறிது மேல்நோக்கித் திருத்தம் வைத்திருப்பார்கள். துப்பாக்கி வலப்புறம் சாய்ந்தால் அந்தத் திருத்தமும் வலப்புறம் சாய்ந்துவிடும். மேலே போக வேண்டியது பக்கத்தில் போகும். பக்கத்துத் தகட்டில் இது தெரியாது. தூரத்தில்தான் காட்டிக்கொடுக்கும்.

3

ரசமட்டம் எனக்குப் புதிதல்ல. அப்பாவுக்குத் தொழிற்பேட்டையில் ஒரு சிறிய பீங்கான் பட்டறை இருந்தது, ஃபியூஸ் கேரியர் செய்கிற பட்டறை. சூளை வண்டியில் பலகைகளை அடுக்கும்போது ஒவ்வொரு அடுக்கையும் மட்டம் பார்ப்பார்கள். பலகை சாய்ந்திருந்தால் சூட்டில் மெருகு இளகி ஒரு பக்கம் ஓடும், அடுக்கிய பீங்கான் காய்கள் ஒன்றோடொன்று ஒட்டிக்கொள்ளும். பள்ளி விடுமுறைகளில் குமிழியைப் பார்த்துச் சொல்வது என் வேலை. "எடதுல ஒரு நூல், அண்ணே" என்று கத்துவேன். அடுக்குகிறவர் அட்டைத் துண்டு ஒன்றைச் செருகுவார். அவர்களிடம் கற்றது ஒன்று இன்னும் கையில் இருக்கிறது. புது ரசமட்டத்தை நம்பாதே. ஒரே இடத்தில் வைத்துப் பார், திருப்பி வைத்துப் பார். இரண்டு முறையும் குமிழி ஒரே இடத்தில் நின்றால்தான் அது உண்மை சொல்கிறது.

மன்றத்துக்காக வாங்கியது கட்டைவிரல் நகத்தளவு கண்ணாடிக் குழல். தொலைநோக்கிக் குழாயைச் சுற்றிப் பிடிக்கும் ஒரு வளையம், அதிலிருந்து இடப்பக்கம் நீட்டிக்கொண்டு நிற்கும் குமிழி. வலக்கண் தொலைநோக்கிக்குள் பார்க்கும்போது இடக்கண் குமிழியைப் பார்க்கலாம் என்பது ஏற்பாடு.

குமார் பூட்டுகிறேன் என்றார். நான் விடவில்லை. முதலில் துப்பாக்கியின் முதுகில், தொலைநோக்கி உட்காரும் தட்டையான தண்டவாளத்தின் குறுக்கே வேறொரு சிறு ரசமட்டத்தை வைத்து, அடியில் துண்டுகளை மடித்துத் திணித்து, துப்பாக்கியை மட்டமாக்கினேன். ரசமட்டத்தைத் திருப்பி வைத்து மறுபடியும் பார்த்தேன். பிறகு ஜன்னலைத் திறந்து, எதிரே கார் நிறுத்தும் கொட்டகையின் உத்தரத்திலிருந்து ஒரு தடித்த வெள்ளைக் கயிற்றைத் தொங்கவிட்டு, நுனியில் பெரிய நட்டு ஒன்றைக் கட்டி, ஆட்டம் நிற்கும் வரை காத்திருந்தேன். தூக்குக்குண்டு பொய் சொல்லாது. வீட்டுச் சுவரையோ கதவு நிலையையோ நம்பக் கூடாது, இங்கே மரவீடுகள் எல்லாம் பனிக்கு ஏதோ ஒரு பக்கம் சாய்ந்துதான் நிற்கின்றன.

தொலைநோக்கியைப் பிடித்திருக்கும் வளையங்களின் திருகாணிகளைத் தளர்த்தி, உள்ளே தெரியும் நெட்டுக்கோடு கயிற்றின் மேல் படியும் வரை குழாயைச் சுழற்றினேன். படிந்ததும் ஆலன் கீயால் ஒரு பக்கம் கொஞ்சம், எதிர்ப்பக்கம் கொஞ்சம் என்று மாற்றி மாற்றி முடுக்கினேன். ஒரே பக்கத்தை முடுக்கினால் குழாய் சுழன்றுவிடும். அளவுக்கு மீறி முடுக்கினால் நசுங்கிவிடும். கடைசியாகக் குமிழி வளையத்தை மாட்டி, நெட்டுக்கோடு கயிற்றில் இருக்கும்போதே குமிழியை நடுவுக்குக் கொண்டுவந்து இறுக்கினேன். இறுக்கியதில் ஒரு மயிரிழை நகர்ந்தது. தளர்த்தி மறுபடி. மூன்றாவது முறை சரியாக நின்றது.

மனதுக்குள் ஒரு திருப்தி இருந்தது, ஒப்புக்கொள்கிறேன். இந்த ஊரில் ஒரு வேலையை யாரிடமும் கேட்காமல் நான் செய்து முடிப்பது அடிக்கடி நடப்பதில்லை. நிலா அப்போது தோழி வீட்டில் இருந்தாள்.

4

அடுத்த வாரம் பெஞ்சில் உட்கார்ந்து பார்த்தேன். இங்கெர் சொன்னார்: விசையைத் தொடும் முன் குமிழி. குமிழி நடுவில் இல்லை என்றால் விரல் வெளியே.

நிலா துப்பாக்கியைத் தோளில் வைத்தாள். வழக்கம்போல் தலை வலத்தோள் பக்கம் சாய்ந்தது. துப்பாக்கியும் கூடவே சாய்ந்தது.

"தலைய நேரா வை, நிலா," என்றேன். நான் ஒரு நாளைக்குப் பத்து முறை சொல்லும் வாக்கியம். பல் தேய்க்கும்போது, டிவி பார்க்கும்போது, எழுதும்போது. என் மாமியார் வீடியோவில் பார்க்கும்போது "கிளி மாரி சாச்சிப் பாக்குது பாரேன்" என்று கொஞ்சுவார். எனக்கு அது சோம்பல் என்று தோன்றும்.

தலையை நிமிர்த்தினாள். குமிழியைப் பார்த்தாள். பார்த்துக்கொண்டே இருந்தாள். பிறகு என் பக்கம் திரும்பி, தமிழில் கேட்டாள்.

"அம்மா, எந்தக் குமிழி நடுவுல வரணும்?"

"என்னது எந்தக் குமிழி? ஒண்ணுதான இருக்குது."

"ரெண்டு. ஒண்ணு மேல, ஒண்ணு கீழ."

"வெளையாடாத."

"வெளையாடல. தல சாச்சா ஒண்ணு. நேரா வச்சா ரெண்டு. எப்பவும் அப்படித்தான். உனக்கு அப்படி இல்லயா?"

எல்லோருக்கும் அப்படித்தான் என்று அவள் நினைத்திருக்கிறாள். நிமிரச் சொன்னபோதெல்லாம் உலகத்தை இரண்டாகப் பார்த்துவிட்டு, நான் திரும்பியதும் ஒன்றாக்கிக்கொண்டிருக்கிறாள்.

இங்கெருக்கு எங்கள் பேச்சு புரியவில்லை. நான் சொன்னதைக் கேட்டுவிட்டு, துப்பாக்கியை வாங்கிப் பெட்டியில் வைத்து மூடினார். கண் மருத்துவரிடம் போ, நாளைக்கே போ என்றார். நாளைக்கே என்று எதுவும் இங்கே இல்லை என்பது அவருக்கும் தெரியும்.

5

குடும்ப மருத்துவர் கடிதம் எழுதி, அந்தக் கடிதத்துக்குப் பதில் கடிதம் வந்து, இரண்டு மணி நேரத் தொலைவில் இருக்கும் நகரத்தின் கண் மருத்துவரிடம் போனோம். குமாருக்கு விடுப்புக் கிடைக்கவில்லை. மொழிபெயர்ப்பாளர் தேவையா என்ற கட்டத்தில் நான் "இல்லை" என்று குறித்திருந்தேன். மருத்துவர் மூன்றாவது வாக்கியத்திலேயே என் முகத்தைப் பார்த்துவிட்டு யாருக்கோ தொலைபேசி போட்டார். ஒலிபெருக்கியிலிருந்து ஓர் ஈழத்து அம்மாவின் குரல் வந்தது.

"வணக்கம். நான் உங்களுக்காக மொழிபெயர்க்கிறன். நீங்கள் ஆறுதலாக் கதையுங்கோ."

அந்த "ஆறுதலா"வைக் கேட்டதும் எனக்கு ஆறுதல் சொல்கிறார் என்றே நினைத்துவிட்டேன். அது மெதுவாக என்று மட்டுமே பொருள்படும் சொல் என்று பிறகுதான் நினைவு வந்தது.

மருத்துவர் நிலாவின் ஒரு கண்ணை மூடினார், மறு கண்ணை மூடினார். தலையைப் பிடித்து இடப்பக்கம் சாய்த்தார். அப்போது இடக்கண்ணின் கருவிழி மெதுவாக மேலே ஏறியது. நானே பார்த்தேன். ஒன்பது வருடம் அந்தக் கண்ணைப் பார்த்திருக்கிறேன், அது அப்படி ஏறும் என்று எனக்குத் தெரியாது.

"பிள்ளைக்கு இது எப்ப தொடங்கினது எண்டு டொக்டர் கேக்கிறா."

"எப்பவும் இருந்துதுன்னு நெனைக்கறேன்."

குரல் மொழிபெயர்த்தது. மருத்துவர் ஏதோ கேட்டார்.

"நினைக்கிறீங்களோ, தெரியுமோ எண்டு கேக்கிறா."

எனக்குத் தெரியவில்லை. "நேரா வை" என்று எப்போதிருந்து சொல்கிறேன்? பள்ளி சேர்ந்த பிறகா? இங்கே வருவதற்கு முன்பா? போன வருடம் கீழே விழுந்தாளே, அதற்குப் பிறகா? எதைச் சொன்னாலும் அது நிஜம்போல் இருந்தது.

மருத்துவர் விளக்கினார். பிறவியிலிருந்தே இருந்தால் இது கண்ணைத் திருப்பும் ஒரு தசையின் தளர்ச்சி. பலருக்கு இருக்கிறது. ஆபத்தில்லை. தலையைச் சாய்ப்பது அந்தக் குறையைப் பிள்ளை தானே சரிசெய்துகொள்ளும் விதம். ஆனால் ஓரிரு வருடமாகத்தான் என்றால் காரணம் தலைக்குள் இருக்கலாம், அதைப் பார்த்தாக வேண்டும். ஸ்கேனுக்குப் பெயர் கொடுத்துவிடுகிறேன். அதற்குள் பழைய படங்கள் கொண்டுவா. இரண்டு வயதுக்கு முன்னால் எடுத்தவை. எத்தனை முடியுமோ அத்தனை.

திரும்பும் பேருந்தில் நிலா என் தோளில் சாய்ந்து தூங்கினாள். வலப்பக்கமாகச் சாய்ந்திருக்கிறாளா, என் தோள் வலப்பக்கம் இருப்பதாலா என்று பார்த்துக்கொண்டே வந்தேன்.

6

படங்களுக்குக் குறைவில்லை என்றுதான் நினைத்தேன். என் கைபேசியில் ஆயிரக்கணக்கில் இருந்தன. ஒவ்வொன்றாகப் பார்த்தேன். எல்லாவற்றிலும் நிலாவின் தலை நேராக இருந்தது.

பிறகு புரிந்தது. நான் வைத்துக்கொண்டவை எல்லாம் நல்ல படங்கள். ஐந்து எடுத்தால் தலை நேராக இருக்கும் ஒன்றை வைத்துக்கொண்டு நான்கை அழித்துவிடுவேன். மிகவும் பிடித்த படம் லேசாகச் சாய்ந்திருந்தால் படத்தையே சுழற்றி நிமிர்த்திவிடுவேன். ஊருக்கு அனுப்புகிற படம் ஆயிற்றே. பின்னால் வீட்டுக் கூரை சாய்ந்திருக்கும் படங்கள் சில இருந்தன. அவற்றில் நிலா மட்டும் நேராக இருந்தாள்.

அவையெல்லாம் இங்கே வந்த பிறகு எடுத்தவை. அதற்கு முந்திய கைபேசி செத்துப் போய்விட்டது. மருத்துவர் கேட்ட வயதுக்கு ஊரில் இருக்கும் ஆல்பம்தான் கதி. மணியைக் கூப்பிட்டேன்.

"காதுகுத்து ஆல்பம் இருக்குதாடா?"

"இருக்குதுக்கா. பீரோ மேல. ஏன், என்னா திடீர்னு?"

சொன்னேன். அவன் விளையாட்டுப் பேச்சு நின்றுவிட்டது. அன்று மாலையே ஒவ்வொரு பக்கமாகப் படம் பிடித்து அனுப்பினான். பதினோரு மாதக் குழந்தை, தாய்மாமன் மடியில், மொட்டைத் தலையில் சந்தனம். எல்லாப் பக்கத்திலும் தலை செங்குத்தாக இருந்தது.

அப்படியானால் இது பிறகு வந்தது. குமாரிடம் கைபேசியைக் காட்டினேன். அவர் பார்த்துவிட்டுத் திருப்பிக் கொடுத்தார். அன்று இருவரும் சரியாகச் சாப்பிடவில்லை. ஸ்கேனுக்குத் தேதி குறித்த கடிதம் மறுநாள் வந்தது. இந்த நாட்டில் எதுவும் இவ்வளவு சீக்கிரம் வந்ததில்லை என்பதே எனக்குப் பயமாக இருந்தது.

7

மணி விடவில்லை. அந்தப் படங்களை எடுத்தது கடைவீதியில் ஃபிளெக்ஸ் கடை வைத்திருக்கும் பாபு. போட்டோ, வீடியோ, ஆல்பம், வாசலில் வைக்கும் பேனர் எல்லாம் அவர் ஒருவரே. வேறு படம் ஏதாவது இருக்கிறதா என்று கேட்க மணி அவர் கடைக்குப் போய், அங்கிருந்தே எனக்கு வீடியோவில் வந்தான்.

"அக்கா, இவர் என்னாமோ சொல்றாரு, நீயே கேளு."

பாபு திரைக்குள் வந்தார். கண்ணாடியைக் கழற்றித் துடைத்துக்கொண்டார்.

"நல்லாருக்கீங்களா? பாப்பா நல்லாருக்குதா? தப்பா எடுத்துக்காதீங்க. அன்னிக்குப் புள்ள கழுத்து ஒரு பக்கமாவே இருந்துச்சு. நானும் கிலுகிலுப்பைய ஆட்டி ஆட்டிப் பாத்தேன், நிக்கல. பேனர்ல அப்படியே போட்டா வர்றவங்க போறவங்க எதுனா சொல்லுவாங்கன்னு நாந்தான் கம்ப்யூட்டர்ல தலைய மட்டும் வெட்டி நிமித்தி வச்சேன். ஆல்பத்துலயும் அப்படியே செஞ்சிட்டேன்."

"எல்லாப் படத்துலயுமா?"

"எல்லாத்துலயும். ஒரு படம் அப்படி ஒரு படம் இப்படின்னு இருந்தா தெரிஞ்சிடுமில்ல?"

அவர் நான் கோபப்படுகிறேன் என்று நினைத்துவிட்டார்.

"காசு வாங்கலீங்க அதுக்கு," என்றார்.

மூலப்படங்கள் பழைய ஹார்ட் டிஸ்க் ஒன்றில் இருக்கலாம், ஆனால் அது இப்போது திறப்பதில்லை, கடலூரில் ஒருவரிடம் கொடுத்துப் பார்க்க வேண்டும் என்றார். ஒரு புகைப்படக்காரர் ஒரு காலை நேரத்தில் கண்டுகொண்டதை நான் காணவில்லை என்பது ஒரு பக்கம். அவர் வாய்மொழி மட்டும் போதாது, படம் வேண்டும் என்பது மறுபக்கம். இரண்டையும் சுமந்துகொண்டு நான்கு நாள் இருந்தேன்.

இரண்டாம் நாள் மணி மணவாளநல்லூர் கோயிலிலிருந்து கூப்பிட்டான். அங்கே பிராது கட்டுகிற வழக்கம் உங்களுக்குத் தெரிந்ததுதான். தாலுகா ஆபீசுக்கு மனு எழுதுவதுபோல் முருகனுக்கு எழுதி, பூசையில் வைத்து, முனியப்பர் சந்நிதியில் கட்டிவிட்டு வருவது.

"அக்கா, அட்ரஸ் சொல்லு. உங்க தெரு பேரு வாயில நொழைய மாட்டங்குது. எவ்ளோ தூரம்னு வேற எழுதணுமாம். எத்தன கிலோமீட்டரு?"

"தெரியலடா. ஏழாயிரம் எட்டாயிரம் இருக்கும்."

"எழுதறவரு சிரிக்கறாரு. சரி, கோரிக்க என்னா போடறது? புள்ளைக்கு ஒண்ணும் இருக்கக் கூடாதுன்னு போட்டுடட்டா?"

யோசித்தேன். "இல்ல. இது பொறந்ததுலேருந்தே இருந்திருக்கணும்னு போடு."

"நடந்து முடிஞ்சத எப்படிக்கா வேண்டறது?"

எழுதுகிறவர் அவனிடமிருந்து கைபேசியை வாங்கி, "நீங்க சொன்ன மாரியே எழுதிட்டேம்மா," என்றார்.

8

நான்காம் நாள் காலையில் நிலாவைப் பள்ளிப் பேருந்தில் ஏற்றிவிட்டு வந்தபோது படங்கள் வந்திருந்தன. வெட்டாத, ஒட்டாத படங்கள். நின்றபடியே பார்த்தேன்.

சாய்ந்திருந்தது. மணியின் மடியில், ஆசாரி ஊசியை எடுக்கும்போது, அழும்போது, அழுது முடித்து வாழைப்பழம் தின்னும்போது, எல்லாவற்றிலும் தலை வலத்தோள் பக்கம் சாய்ந்திருந்தது. இன்று மேசையில் வீட்டுப்பாடம் எழுதும் நிலாவின் அதே சாய்வு. ஒன்றில் மட்டும் தலை பாதி நிமிர்ந்திருந்தது. படத்தின் ஓரத்திலிருந்து ஒரு கை நீண்டு, கட்டைவிரலும் ஆள்காட்டி விரலும் குழந்தையின் முகவாயைப் பிடித்துத் தள்ளிக்கொண்டிருந்தன. கையில் பச்சைக் கண்ணாடி வளையல். அந்த வளையலை நான் மறக்கவில்லை. அந்தத் தள்ளலைத்தான் மறந்திருந்தேன்.

மருத்துவர் அந்தப் படத்தைத் திரையில் பெரிதாக்கினார். இந்த முறை படிவத்தில் மொழிபெயர்ப்பாளர் தேவை என்று குறித்திருந்தேன்.

"இது ஆற்ற கை எண்டு கேக்கிறா."

"என் கை."

"பிள்ளைக்கு அப்ப எத்தினை வயசு எண்டு கேக்கிறா."

"பதினோரு மாசம்."

மருத்துவர் மற்ற படங்களை வேகமாகத் தள்ளிப் பார்த்தார். திரும்ப அந்தக் கைக்கே வந்தார். பிறகு கணினியில் ஏதோ தட்டிவிட்டுப் பேசினார்.

"ஸ்கேன் தேவையில்லையாம். இது பிறந்ததிலயிருந்து இருக்கிறதுதானாம். இந்தப் படம்தான் எல்லாத்திலயும் நல்ல சாட்சியாம், அம்மாவே அப்பவே நிமித்தப் பாத்திருக்கிறா எண்டு சொல்லுறா." மொழிபெயர்ப்பாளர்கள் தாமாக எதுவும் சொல்லக் கூடாது என்பது விதி. அவரும் சொல்லவில்லை.

கண்ணாடி போட்டுப் பார்க்கலாம், வேண்டுமானால் பிறகு அறுவை சிகிச்சை பற்றி யோசிக்கலாம் என்றார் மருத்துவர். அதுவரை தலையை நிமிர்த்தச் சொல்ல வேண்டாம். சந்தோஷம் வரும் என்று காத்திருந்தேன். களைப்புதான் வந்தது. நிலாவுக்கு ஒரு பன் வாங்கிக் கொடுத்து, பேருந்து நிலையத்தில் அவள் தின்று முடிப்பதைப் பார்த்தபடி உட்கார்ந்திருந்தேன். சாய்த்துக்கொண்டுதான் தின்றாள். வாயைத் திறக்காமல் இருப்பது எனக்குச் சிரமமாக இருந்தது.

9

இங்கெரிடம் சொன்னேன். தசைக்கு அவர்கள் பாஷையில் என்ன சொல் என்று முன்கூட்டியே எழுதி வைத்துக்கொண்டு போயிருந்தேன். தலை சாய்ந்தால் துப்பாக்கியும் சாயும், அப்படியானால் மன்றத்தை விட்டுவிட வேண்டுமா என்று கேட்டேன். விட்டுவிடலாம் என்று அவர் சொன்னால் எனக்கு நிம்மதியா வருத்தமா என்று அதுவரை தெரியாது. கேட்டு முடித்ததும், வருத்தம்தான் என்று தெரிந்தது.

அவர் தோளைக் குலுக்கினார். துப்பாக்கி எப்படி வேண்டுமானாலும் சாயட்டும், உள்ளே இருக்கும் நெட்டுக்கோடு சாயக் கூடாது, அவ்வளவுதானே என்றார். தொலைநோக்கியைச் சுழற்றி வை. ஆனால் இந்த முறை மேசையில் வைத்துச் செய்யாதே.

மறுபடி கார்க் கொட்டகையில் கயிறு தொங்கியது. வீட்டுப் பின்படியில் மெத்தையைப் போட்டு நிலாவை உட்கார வைத்தேன். குண்டு போடாத துப்பாக்கியைத் தோளில் வைத்து, தலையை எப்படி வைக்க வருகிறதோ அப்படி வைக்கச் சொன்னேன். அவள் என்னை நம்பாமல் பார்த்தாள்.

"நேரா வைக்க வேணாமா?"

"வேணாம்."

"அப்புறம் திட்டக் கூடாது."

அவள் தலை வலப்பக்கம் போனது, துப்பாக்கியும் போனது. குமார் பின்னாலிருந்து தாங்கிப் பிடித்துக்கொண்டார். நான் வளையத் திருகாணிகளைத் தளர்த்தி, அவள் முகத்தை உரசாமல் குழாயை மெல்லச் சுழற்றினேன்.

"கயிறு மேல கோடு வந்துதா?"

"இல்ல. இன்னும். இன்னும் கொஞ்சம். மா, நிறுத்து. தாண்டிடுச்சி. திரும்பு. இங்க."

ஒரு பக்கம் கொஞ்சம், எதிர்ப்பக்கம் கொஞ்சம் முடுக்கினேன். பிறகு குமிழி வளையம். வெளியிலிருந்து பார்க்க, கோணலான துப்பாக்கியின் மேல் ரசமட்டம் மட்டும் தனியாகத் திருகிக்கொண்டு நின்றது. அப்பா பட்டறையில் யாரும் இதை ஒப்புக்கொண்டிருக்க மாட்டார்கள்.

"இப்ப குமிழியப் பாரு. எத்தன இருக்குது?"

"ஒண்ணு."

"நடுவுலயா?"

"நடுவுலதான்."

"நல்லாப் பாத்துச் சொல்லு. ஒண்ணுதான?"

"மா, எத்தன தடவ கேப்ப? ஒண்ணுதான்."

கடைசித் திருகாணியையும் முடுக்கிவிட்டு, கையை எடுத்துக்கொண்டு, இன்னொரு முறை கேட்டேன்.